சுடாத கால்

தம்பி,

நேற்று நீ ஓசூர் பஸ் ஏறிப் போனதிலிருந்து உன் அம்மா வீடு வாசலைக் கூட்டவில்லை. ஊருக்குப் போகிறவர் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லும்வரை கூட்டக் கூடாதாம். அதனால் திருவிழாவுக்கு வந்த நீ விட்டுப்போனதெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது. கொடியில் உன் மஞ்சள் வேட்டி, ஜன்னலில் வாடிப்போன வேப்பிலைக் கொத்து, கட்டிலுக்கடியில் நீ குடித்துக் காலி செய்த தண்ணீர் பாட்டில்கள். உன் அம்மா வேட்டியைப் பார்த்துக் கண் கலங்குகிறாள். நான் பாட்டில்களைப் பார்த்துப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான். சொன்னால், "சரிப்பா, பாத்துக்கிறேன்ப்பா, சூப்பர்வைசர் வாராரு, வைக்கவா?" என்பாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். நம் ஊரில் காப்புக் கட்டுகிற வேறு யார் இதை வாங்கிப் படித்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் எழுதுவது உனக்காகத்தான்.

இதை எழுதும்போதே என் இடது கால் எரிகிறது. முழங்காலுக்குக் கீழே அங்கே ஒன்றுமில்லை என்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டவனே நீதான். ஆனாலும் எரிகிறது. உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே மேடு இருந்த இடத்தில், கங்கு ஒன்றை வைத்து அழுத்துகிற மாதிரி. டி.வி. பார்க்கும்போது வரும், சோற்றில் கை வைக்கும்போது வரும். தேய்த்துவிடலாம் என்று பழக்கதோஷத்தில் குனிந்தால் கைக்குத் தரைதான் கிடைக்கிறது. கோரிப்பாளையத்து டாக்டரம்மாவிடம் கேட்டேன். "கால எடுத்தாலும் மூளைக்குள்ள அந்தக் கால் இருக்கும்ங்கய்யா. சிலருக்கு இப்படி எரியத்தான் செய்யும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். என் மனதுக்கு மட்டும் அது போதவில்லை. பூக்குழியில் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் இருந்த கால், அன்றைக்கு எரியாததையெல்லாம் சேர்த்து இப்போது எரிகிறது என்றே தோன்றுகிறது.

இந்த வருஷம் நீ முதல்முறையாகப் பூக்குழி இறங்கினாய். நான் கோயிலுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், கட்டைக்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொட்டுச் சத்தம் ஏறியது, ஒவ்வொருவராக இறங்கினார்கள். உன் முறை வந்தபோது என் மகன்தானா இது என்று இருந்தது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றாய். "தொப்பையெல்லாம் போயி மறுபடியும் கல்யாண மாப்ள மாதிரி ஆயிட்டான்ல?" என்று உன் அம்மா என் காதில் சொல்லிப் பூரித்தாள். மற்றவர்கள் ஓட்டமும் நடையுமாகக் கடந்த தணலை நீ கடைத்தெருவில் போகிறவன்போல நிதானமாக நடந்து கடந்தாய். அந்தக் கோடியில் இருந்த பால்குழியில் கால் நனைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாய். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா, கொஞ்சங்கூடச் சுடலப்பா!" என்றாய்.

பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரியான உன் தாய்மாமன் உன் தோளைத் தட்டி ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "பாத்தீகளா, ஆத்தா இவுக வீட்டை விட்டு நகர மாட்டேங்கிறா! அப்பனுக்குப் பெறகு மகன். இம்புட்டுத் தணல்ல பய பூ மேல நடந்த மாதிரியில்ல வாரான்!" நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? பிறகு உன்னைப் பக்கத்தில் இழுத்து, "பால்குழி சில்லுன்னு இருந்துச்சாடா?" என்று கேட்டேன். நீ ஒரு நொடி யோசித்தாய். "அதெல்லாம் எங்கப்பா கவனிச்சேன்" என்றாய்.

சுடாமல் போனாலே நோய் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல திடமான காலோடு எத்தனையோ பேர் ஒரு கொப்புளம் இல்லாமல் வெளியே வருகிறார்கள். ஆத்தாளின் அருள் என்பவர்கள் அப்படிச் சொல்லட்டும், கால் தணலில் தங்காததால் என்பவர்கள் அப்படிச் சொல்லட்டும், எனக்கு யாரோடும் சண்டையில்லை. சூடும் தெரியவில்லை, குளிர்ச்சியும் தெரியவில்லை என்பதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. வீட்டுக்கு வந்தபின் நடந்ததை நீயே நினைத்துப் பார். திருநீறு எடுக்கச் சாமி ரூமுக்குள் போனாய். உன் அம்மா கத்தினாள். "ஏன்டா, பூக்குழி எறங்கின ஈரங்கூடக் காயல, செருப்போட சாமிகிட்டப் போற?" நீ குனிந்து பார்த்தாய். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. இரண்டையும் கழற்றிவிட்டதாக நினைத்துத்தான் நீ உள்ளே வந்திருக்கிறாய். "தூக்கக் கலக்கம்மா" என்று மழுப்பினாய். உன் அம்மாவும் சிரித்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நான் அதை ஏற்கெனவே சிரித்து முடித்தவன். ஒருநாள் கப்பலூர் கம்பெனி கேட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது வாட்ச்மேன், "அண்ணே, ஒத்தக் கால் செருப்போட வாரீக, இன்னொண்ணு எங்கண்ணே?" என்று கேட்டான். அது அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறின இடத்திலேயே கழன்று விழுந்திருக்கிறது. ஆட்டோவில் அம்புட்டுத் தூரம் வந்து, இறங்கி, ரோட்டைக் கடந்து நடந்தும் வெறுங்கால் எனக்குத் தெரியவில்லை. கேண்டீனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். கால் பேசாமல் போய்விட்டது என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை. உனக்குச் சொல்ல நான் இருக்கிறேன்.

நீ மெக்கானிக், அதனால் நமக்குத் தெரிந்த வேலையை வைத்தே சொல்கிறேன். நான் பார்த்துக்கொண்ட கம்ப்ரஸர் ரூமுக்குச் சின்ன வயதில் நீ வந்திருக்கிறாய், காதைப் பொத்திக்கொண்டு நின்றாய். மெஷின் ஷாப்புக்குக் காற்று போகிற லைனில் அங்கங்கே கசியும். கசியக் கசிய கம்ப்ரஸர் கூடுதலாக ஓடி ஈடுகட்டும். கேஜைப் பார்த்தால் பிரஷர் சரியாக நிற்கும், எந்த மேனேஜரும் குறை சொல்ல மாட்டார். மோட்டார் மட்டும் ஓய்வில்லாமல் ஓடிச் சூடேறிக்கொண்டே இருக்கும். கேஜின் முள் இறங்குவது நம் கண்ணில் படும்போது மோட்டார் முக்கால்வாசி போயிருக்கும். நம் வயிற்றுக்குள் கணையம் இன்சுலின் சுரப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வருகிற சர்க்கரையைச் சதைக்குள் ஏற்றிவிடுவது இன்சுலினின் வேலை. நம்மைப் போன்றவர்களின் உடம்பு அது சொல்வதை லேசில் கேட்பதில்லை. கேட்காததால் கணையம் இன்னும் சுரக்கிறது, மேலும் மேலும் சுரக்கிறது. அந்த வருஷங்களில் சோதித்தால் சர்க்கரை சரியாகவே காட்டும். ஏற ஆரம்பிக்கும்போது, சுரக்கிற இடம் நிறையவே ஓய்ந்துபோயிருக்கும். உன் சர்க்கரை "பார்டர்" என்று கம்பெனி டாக்டர் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தாயே, அந்தப் பார்டர் என்பது முள் இறங்க ஆரம்பித்த இடம். அதைப் பிடித்து நிறுத்தவும் முடியும் என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ளாமல் போனேன்.

எனக்குச் சர்க்கரை என்று கம்பெனி முகாமில் சொன்னபோது நீ பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தாய். மாத்திரை கொடுத்தார்கள். சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். நான் அதை என்னமோ பரீட்சை மாதிரி எடுத்துக்கொண்டேன். டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போவதற்கு முந்தின நாட்களில் மட்டும் கீரையும் மோரும், ஏர்போர்ட் ரோட்டில் விறுவிறுவென்று நடை. எண் அழகாக வரும். டாக்டரம்மா, "பரவால்லையே, நல்லா கன்ட்ரோல்ல வச்சிருக்கீங்க" என்பார். நான் வெளியே வந்து கோரிப்பாளையம் முக்கில் பரோட்டாவும் சால்னாவுமாகப் பாஸான சந்தோஷத்தைக் கொண்டாடுவேன். உன்னையும் கூட்டிப்போயிருக்கிறேன், நீயும் சிரித்தபடி சாப்பிட்டிருக்கிறாய். பிறகு ஒருமுறை அவர் மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்கிற வேறொரு டெஸ்டை எடுக்கச் சொன்னார். முடிவைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு பாக்காதுங்கய்யா. மூணு மாசமா என்ன நடந்துச்சுன்னு சொல்லிரும்." அன்றைக்கே இன்சுலின் ஊசி போடச் சொன்னார். நான் மாட்டேன் என்று எழுந்துவிட்டேன். ஊசிக்கு வந்துவிட்டால் ஆள் முடிந்தான் என்று டீக்கடையில் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஆனால் நான் எழுந்து வந்ததற்கு ஊசி மட்டும் காரணம் இல்லை. காரணம் பூக்குழி. ஆத்தா ஏற்றுக்கொண்ட உடம்புக்கு ஊசி எதற்கு என்று நினைத்தேன். நீ சின்னப் பையனாக இருந்தபோது காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாய். பிழைத்தால் வருஷா வருஷம் இறங்குகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். நீ எழுந்து உட்கார்ந்தாய், நான் இறங்கினேன். முதல் வருஷம் எனக்குச் சுட்டது. நன்றாகவே சுட்டது. பாதத்தில் சின்னச் சின்னதாகக் கொப்புளம். வெளியே சொல்லவில்லை, ஏனென்றால் நம் ஊரில் சுட்டால் விரதத்தில் குறை என்று அர்த்தம். அதற்கடுத்த வருஷங்களிலும் சுட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு வருஷமும் என்ன குறை வைத்தேனோ என்று எனக்குள்ளேயே மருகுவேன். அப்புறம் ஒரு வருஷம் இறங்கினேன், சுடவில்லை. தணலின் நடுவில் நின்றே விட்டேன். நின்றும் சுடவில்லை. ஆத்தா என்னை ஏற்றுக்கொண்டாள் என்று நான் அழுத அழுகை உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு எனக்குச் சாமி வந்ததாகச் சொன்னார்கள். அது சந்தோஷம், தம்பி. சாமி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவ்வளவு பெரிய சந்தோஷம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை.

அன்று ஊரே வரிசையில் நின்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டது. நீயும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். அந்த வரிசையில் மேலத்தெருப் பெரியவர் நின்றார். என் அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்க அவர் வயலில் சேற்றில் நின்றவர்கள். அவர் வீட்டு முன்வாசலை அவர்கள் மிதித்ததில்லை, கூலியும் கொல்லைப்புறத்தில்தான். அந்த மனிதர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து, என் இரண்டு பாதத்தையும் தொட்டார். என் அப்பா இருந்து பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அவர் கை என் காலில் பட்டது எனக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. உன் கை பட்டதும் அப்படித்தான். அன்றைக்கு அத்தனை பேர் தொட்டும் ஒரு கையும் எனக்குத் தெரியவில்லை. அது அருளில் சிலிர்த்து மரத்துப்போனது என்று நினைத்துக்கொண்டேன். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது என்று டாக்டரம்மா பிறகு சொன்னபோது, பெரியவர் குனிந்தது என் நோய்க்கு முன்னால்தானா என்று மனம் கேட்டது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. உனக்கும் வராது என்பது எனக்குத் தெரியும். நீ அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவன், ஊரில் தலை நிமிர்ந்து நடந்தவன்.

டாக்டரம்மா என் காலைச் சோதித்த அன்றும் நான் ஏமாற்றத்தான் பார்த்தேன். நைலான் நரம்பு மாதிரி ஒன்றை வைத்துப் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "இங்க தெரியுதா, இங்க தெரியுதா?" என்று கேட்டார். அவர் கை போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே, "தெரியுது, தெரியுது" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "இப்பக் கண்ண மூடிக்கங்க" என்றார். மூடினேன். வெகுநேரம் அவர் ஒன்றும் செய்யாமல் இருப்பதாக நினைத்துக் காத்திருந்தேன். கடைசியில், "முடிஞ்சதுங்கய்யா, கண்ணத் தொறங்க. எல்லா இடத்துலயும் தொட்டாச்சு" என்றார். அவருடைய குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதில் கோபமே இல்லை. "இந்தக் காலோட நெருப்புல எறங்காதீங்க. வெறுங்காலோட வாசலுக்குக்கூடப் போகாதீங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்து அந்தப் பங்குனியிலும் காப்புக் கட்டினேன்.

காப்புக் கட்டினபின் உடம்பில் ரத்தம் சிந்தக் கூடாது என்பார்கள், அதனால் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கவில்லை. விரதத்தில் மருந்து தீட்டு என்று மாத்திரையையும் நிறுத்தினேன். ஒருவேளைச் சாப்பாடு, மற்ற நேரமெல்லாம் வெல்லம் கரைத்த பானகமும் வாழைப்பழமும். சர்க்கரைக்காரன் ஒருவனைத் தீர்த்துக்கட்ட நினைக்கிறவன்கூட இவ்வளவு யோசித்துச் செய்ய மாட்டான். நானோ அதைப் பக்தியோடு செய்தேன். பூச்சட்டியைக் கையில் ஏந்தி இறங்கினேன். சுடவில்லை. குழியின் கடைசியில், தணல் முடிந்து மண் மேடு ஆரம்பிக்கிற இடம் என் காலுக்குத் தெரியவில்லை. தெரியாததால் கால் இடறியது. சட்டியோடு முன்னால் சாய்ந்தேன். உன் தாய்மாமன் பாய்ந்து பிடித்துக்கொண்டார், சட்டி மட்டும் கையை விட்டுப் போய்த் தரையில் உடைந்து நெருப்பு சிதறியது. சாமி முற்றிப்போய்விட்டது என்று எல்லாரும் குலவை போட்டார்கள். அந்தச் சட்டி உடைந்த சத்தத்தை மட்டும் நீ நினைவில் வைத்துக்கொள், பின்னால் அதற்கு வருகிறேன்.

பாதத்தில் வெந்த கொப்புளம் ஒன்று இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை, வலித்தால்தானே பார்ப்போம்? சேஃப்டி ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒருநாள் உன் அம்மா வீட்டில் எலி செத்துக் கிடக்கிறது என்று அரிசி மூட்டைகளை எல்லாம் நகர்த்தித் தேடினாள். தேடித் தேடி, நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் காலைப் பார்த்தாள். அவள் முகம் அப்போது போன போக்கு என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். முதலில் விரல் என்றார்கள், பிறகு பாதம் என்றார்கள், பிறகு உன் கையெழுத்து. ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்கள், "விரதத்துல என்ன கொறை வச்சீக?" என்று என்னிடமே கேட்டார்கள். காலைத் தொட்டுக் கும்பிட்டவர்கள்தான் கேட்டார்கள். மேலத்தெருப் பெரியவர் வரவில்லை.

இப்போது ஊசி போடுகிறேன், நானே என் கையால், தொப்புளைச் சுற்றி இடம் மாற்றி மாற்றி. கொசு கடிக்கிற அளவுக்குக்கூட இல்லை. இந்தக் கொசுக்கடிக்குப் பயந்தா ஒரு காலைக் கொடுத்தேன் என்று ஊசி போடும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஆள் முடிந்துபோகவில்லை, ஓய்ந்த கணையத்துக்குப் பதில் வெளியிலிருந்து கொஞ்சம் கொடுக்கிறோம், அவ்வளவுதான். வலது காலைத் தினமும் உன் அம்மா கண்ணாடி வைத்துப் பார்க்கிறாள். அந்தக் கால் இருக்கிறது. மோட்டார் கருகினபிறகு விழித்துக்கொண்டவன் நான். உனக்கு இப்போதுதான் முள் இறங்க ஆரம்பித்திருக்கலாம். சாப்பாடும் நடையும் மாத்திரையுமே உனக்குப் போதுமானதாக இருக்கலாம். ஆனால் அடங்காத தாகமும் திடீர் இளைப்பும் சர்க்கரை ஏறினதன் அடையாளம்; என்னவென்று பார்த்தால்தானே தெரியும்? "நான் ஸ்வீட்டே சாப்பிடுறதில்லையேப்பா, எனக்கு எப்படி வரும்?" என்று கேட்டாய். நானும் இனிப்புக்கு ஆசைப்பட்டவன் இல்லையடா. மூன்று வேளையும் மலையாகச் சோறு, ராத்திரி ஷிஃப்டில் பரோட்டா, அப்புறம் என் ரத்தம். இதில் மூன்றாவது உன்னிடமும் இருக்கிறது. அதை உனக்குக் கொடுத்தவன் நான்.

இப்போது உடைந்த சட்டிக்கு வருகிறேன். பஸ் ஏறுமுன் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாயாம். "அடுத்த வருசம் பாப்பாவத் தூக்கிக்கிட்டு எறங்குறேன்னு ஆத்தாகிட்ட நேந்துக்கிட்டேம்மா." அவள் பூரிப்போடு வந்து என்னிடம் சொன்னாள். நான் கேட்டது உடைந்த சட்டியின் சத்தம். மண் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத கால், தம்பி. என் கையில் அன்றைக்குச் சட்டி இருந்தது, உடைந்தது, போகட்டும். உன் கையில் பாப்பா இருப்பாள், என் பேத்தி. நீ நேர்ந்துகொண்டதை நான் கேலி செய்யவில்லை. உன் உயிருக்காக நேர்ந்துகொண்டவனுக்கு அந்த ஆசை புரியாதா? ஆனால் ஆத்தாளிடம் நான் பேசிக்கொள்கிறேன். எங்களுக்குள் பழைய பழக்கம் உண்டு, நான் அவளுக்கு ஒரு காலே கொடுத்திருக்கிறேன், இதைக் கேட்க மாட்டாளா? பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வா. தரையில் சுற்றி வா. செருப்பில்லாமல் நடக்கும்முன் காலைச் சோதித்துக்கொண்டு வா.

என் பயம் வெறும் கிழட்டுப் பயமாக இருக்கட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். அதனால்தான் ஒரு காரியம் செய்தேன். திருவிழா முடிந்த அன்று மத்தியானம் நீ கட்டிலில் குப்புறப் படுத்து, ஓசூரில் இருக்கிற உன் மனைவி கௌசல்யாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். நான் கட்டைக்காலைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து உன் கால்மாட்டுக்கு வந்தேன். டாக்டரம்மா செய்ததுபோல ஒரு விரல் நுனியால், அழுத்தாமல், உன் கட்டைவிரலைத் தொட்டேன். நீ பேசிக்கொண்டிருந்தாய். அடுத்த விரலைத் தொட்டேன். நீ ஏதோ சொல்லிச் சிரித்தாய். ஒவ்வொரு விரலாக, அந்தக் கால், இந்தக் கால். கையை எடுக்காமல் பாதம் முழுக்கத் தடவினேன். நீ பிறந்தபோது என் உள்ளங்கைக்குள் அடங்கின பாதம் அது. கணுக்காலுக்கு மேலே, கெண்டைக்கால் பக்கம் என் விரல் போனபிறகுதான் சட்டென்று காலை உதறித் திரும்பினாய். "என்னப்பா?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்லப்பா, கொசு" என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரே என் காலைத் தொட்டபோது எனக்குத் தெரியாமல் போனதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

நீ போன் பேசும் மும்முரத்தில் கவனிக்காமல் இருந்திருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்று மனசு சப்பைக்கட்டு கட்டுகிறது. ஆனால் போன மாதம் கௌசல்யா வீடியோ காலில் காட்டியது என்னை விடமாட்டேன் என்கிறது. நீ சோபாவில் கால் நீட்டி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாய். பாப்பா தவழ்ந்து வந்து உன் கால் விரலைப் பிடித்து, அப்படியே வாயில் வைத்துக் கடிக்கப் பார்த்தாள். நாங்கள் இங்கே விழுந்து விழுந்து சிரித்தோம். "என்னங்க, கீழ பாருங்க, அவ என்ன பண்றான்னு" என்று கௌசல்யா சொன்னபிறகுதான் நீ குனிந்து பார்த்தாய்.

ஆகவே டாக்டரிடம் போ, மூன்று மாதச் சர்க்கரையைப் பார், காலைக் காட்டு என்றெல்லாம் சொல்லி உன்னை விரட்டுவதற்குமுன் ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதை இன்றைக்கே செய். சாக்ஸைக் கழற்று. பாப்பாவை உன் கால்மாட்டில் உட்கார வை. கௌசல்யாவைப் பக்கத்தில் வைத்துக்கொள். கண்ணை நன்றாக மூடிக்கொள், உன் அப்பனைப்போலப் பார்த்துக்கொண்டே சொல்லாதே. உன் மகள் உன் காலைப் பிடிப்பாள். எந்த விரலைப் பிடித்திருக்கிறாள் என்று சொல், பார்ப்போம்.